ஒரு பட்டை கூட்டலாமா?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கூரை உடம்போடு பற்றவைத்தது அல்ல, போல்ட் போட்டு முடுக்கியது. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலேயும் பின்னிருக்கைக்குப் பின்னாலும் இருக்கிற போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் ஆட்கள் பிடித்துத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிடலாம். அடியில் தனி இரும்புச் சேசிஸ் இருப்பதால் கூரை போன பிறகும் வண்டி தொய்ந்துவிடாது. 1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்த கார் அது. வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை அதைச் செய்தது. அதே சேசிஸைக் குட்டையாக்கி, இரண்டே இருக்கை வைத்து, துணிக்கூரை போட்டு, 1962-இல் ஆங்கிலேயர்கள் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். இறக்குமதிக்கு வழியே இல்லாத அந்தக் காலத்துச் சென்னையில் ஸ்பிட்ஃபயர் மேல் ஆசை வைத்தவர்கள், பழைய இரண்டு கதவு ஹெரால்டு ஒன்றை வாங்கிக் கூரையைக் கழற்றித்தான் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

எழுபதுகளின் நடுவில், நான் தொழில் கற்றுக்கொண்ட பட்டறைக்கு அப்படி ஒரு ஹெரால்டு வந்தது. பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டின் ஓரத்தில் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு அங்கே சேர்ந்திருந்தேன். அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டிகளின் உறுப்பு ஏதாவது ஒன்று பிறந்துகொண்டிருக்கும். பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன். அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை, டி.ஐ. சைக்கிள்ஸ். ஷிஃப்ட் விடும் நேரத்தில் எம்.டி.எச். ரோடு முழுக்கச் சைக்கிள்கள். டன்லப் பக்கமிருந்து காற்றடித்தால் ரப்பர் வாசனை வரும். இரும்பையும் ரப்பரையும் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஒரு ஆள் ஒரு மைல் தூரத்துக்குள் இருப்பார். எனக்கு அது ஒரு பல்கலைக்கழகம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஹெரால்டின் சொந்தக்காரர் ஒரு டாக்டர். வீடு அம்பத்தூரில், கிளினிக் பூந்தமல்லியில். வழியில் ஆவடியில் வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பருத்திப்பட்டு, காடுவெட்டி, கரையான்சாவடி வழியாகப் போவார். ஆண்டுக்கு ஒரு முறை சோழவரத்தில் பந்தயமும் ஓட்டுவார். உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் செங்குன்றம் சாலையில் கூட்டம் நெரியும். கல்கத்தா, பெங்களூர், பம்பாய் வண்டிகளெல்லாம் வந்து இறங்கும்.

டாக்டரின் வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில் அதற்கு 'ஸ்போர்ட்ஸ் செட்டிங்' செய்திருந்தார்கள். முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுத்திருந்தார்கள். பின்பக்கம் குறுக்கே படுத்திருக்கும் கமான் கட்டில், அதாவது லீஃப் ஸ்பிரிங்கில், ஒரு பட்டையைக் கூட்டியிருந்தார்கள். முன்னே தாழ்ந்து, பின்னே தூக்கிக்கொண்டு, பாயப்போவதுபோல நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட்டினால் மட்டும் டாக்டருக்கு முதுகு வலித்தது, கண்ணாடிச் சட்டம் அதிர்ந்தது, இரண்டு கதவும் பள்ளத்துக்குப் பள்ளம் கிடுகிடுத்தன.

"இன்னும் ஒரு பட்டை கூட்டலாமா? ஆட்டம் நின்னுடும்ல?" என்று கேட்டார். ஆட்டத்துக்கு மருந்து இறுக்கம் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. இன்றைக்கும் கார் வாங்குபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எங்கள் முதலாளி பதில் சொல்லாமல் கரையான்சாவடியிலிருந்து மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார். லாரிகளுக்குக் கமான் பட்டை அடிக்கிறவர். கரி உலையில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, அச்சின் மேல் வைத்து வளைவு அடித்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்துவார். பதம் தப்பினால் பட்டை ஒடியும் அல்லது தொய்யும். நிறத்தைப் பார்த்தே அவருக்குப் பதம் தெரியும். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், பின்னால் குனிந்து பார்த்தார், பம்பரில் கால் வைத்து அழுத்தி விட்டார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று:

"சார், வண்டி எந்த ரோட்டுல ஓடப் போவுது?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். சஸ்பென்ஷனைப் பற்றி இதைவிடச் சரியான முதல் கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

ஹெரால்டின் பின்பக்கத்தை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அந்தக் காலத்து அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின் ஆக்ஸில் இடமிருந்து வலம் வரை ஒரே உருளை. ஹெரால்டில் அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் சேசிஸோடு முடுக்கப்பட்டு அசையாமல் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் இருக்கும் அரை ஆக்ஸில்கள் ஒரே ஒரு மூட்டில் மேலும் கீழும் மடங்கும். அவற்றின் தலைக்கு மேலே, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை குறுக்காகக் கமான் கட்டு. இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதை இழுக்காது, அது நல்ல குணம். ஆனால் வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்பாகம் எழும்பும். எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, டயர் தன் விளிம்பில் நிற்கும். பிடிப்பு போய்விடும், வண்டி சுழலும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே, இந்த வகைப் பின்சக்கர அமைப்பு கொண்ட ஷெவர்லே கோர்வேரைப் பற்றியதுதான்.

ஆகவே ஹெரால்டைத் தாழ்த்துவதில் நியாயம் இருந்தது. பின்பாகம் தாழ்ந்தால் சக்கரங்களின் தலைகள் சற்று உள்ளே சாய்ந்து நிற்கும், மடங்குவதற்குள் மிச்ச இடம் கிடைக்கும். டாக்டரின் ஆசை வெறும் அழகுக்கானது அல்ல. ஆனால் அவர் வண்டிக்குச் செய்திருந்தது அதற்கு நேர் எதிர். மேஸ்திரி சொன்னதை ஏறக்குறைய அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"பட்டைய கூட்டுனா வண்டி தூக்கும் சார். தூக்குனா சக்கரம் உள்ள மடங்கும். உங்களுக்கு வேண்டியது தாழ்வு. நீங்க வாங்கிக்கினு வந்தது இறுக்கம். ரெண்டும் வேற வேற."

ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் என்று ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்களே, அதற்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று உயரம். இன்னொன்று ஸ்பிரிங்கின் விறைப்பு. மூன்றாவது, ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கை எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறது என்பது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு 'ஸ்டாண்டர்டா, ஸ்போர்ட்ஸா' என்ற கேள்வி பாதி கரைந்துவிடும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

அன்று இரவு நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. காயில் கம்பி பத்து சதவீதம் தடித்தாலே விறைப்பு 46 சதவீதம் ஏறும். காயிலில் ஒரு சுற்றை அறுத்தால் வண்டி தாழும், ஆனால் மிச்சமிருக்கும் கம்பி நீளம் குறைந்ததால் ஸ்பிரிங்கும் இறுகிவிடும். தாழ்த்த நினைத்து அறுத்தவர் தெரியாமலே இறுக்கியும் விட்டார். டாக்டரின் வண்டியில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட இறுகிப்போயிருந்தது. அது முதுகுவலியின் வேர். 1930-களில் அமெரிக்காவில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதைத் தெளிவாக்கியிருந்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். ஹெரால்டின் நீளத்துக்கு, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், ஆறில் ஒரு நொடி கழித்துப் பின்சக்கரம் ஏறும். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடினால், பிந்தி ஏறினாலும் முன்பக்கத்தின் ஆட்டத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி மட்டமாக அடங்கும். தலைகீழாக வைத்தால் மூக்கும் வாலும் மாறி மாறித் துள்ளும்.

மறுநாள் முதலாளி டாக்டரின் பக்கத்தில் என்னை உட்காரவைத்து அனுப்பினார். எம்.டி.எச். ரோட்டில் ஆவடி வரைக்கும் போய், அங்கிருந்து தெற்கே திரும்பிப் பூந்தமல்லி. சாலை அப்போது ஒடுக்கம். லாரிகள் அழுத்தி அழுத்தித் தார் அலை அலையாக மடிந்திருக்கும், ஓரங்கள் சிதைந்திருக்கும். பருத்திப்பட்டு தாண்டி ஒரு வளைவில் தாரின் மேல் சிற்றலைகள். டாக்டர் அதிகமாக ஒன்றும் ஓட்டவில்லை, நாற்பது, நாற்பத்தைந்துதான். பின்பாகம் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தது. சக்கரம் தரையைத் தொடுவதும் விடுவதுமாக இருந்ததை என் இருக்கையில் உணர்ந்தேன். காற்றில் இருக்கும் டயரால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. இறுக்கமான வண்டிதான் சாலையைப் பிடிக்கும் என்ற எண்ணம் எனக்கு அந்த வளைவில் போய்விட்டது. மேடுபள்ளமான சாலையில் சக்கரம் தரையைவிட்டு அகலாமல் பின்தொடர வேண்டுமானால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கூரை இல்லாததும் சேர்ந்துகொண்டது. மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து ஒரு பெட்டி. அதைக் கழற்றினால் முறுக்கைத் தாங்கும் வேலை முழுக்கச் சேசிஸின் தலையில் விழும். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் அடியின் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். விறைத்தால் அடி நேரே சேசிஸுக்குப் போய், சேசிஸ் மெல்ல முறுக்கும். உண்மையில் அப்போது சேசிஸ்தான் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது, ஆனால் அதை அடக்க ஷாக் கிடையாது. கண்ணாடிச் சட்டம் அதிர்வதும் கதவு கிடுகிடுப்பதும் அதனால்தான். திறந்த காருக்கு இறுகிய ஸ்பிரிங் போடுவதற்கு முன் ஒருவர் யோசிக்க வேண்டிய முதல் காரணம் முதுகு அல்ல, இதுதான்.

இதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஆவடி எச்.வி.எஃப்.-இல் வேலை பார்த்தார். டாங்கிகள் செய்யும் அந்தக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா 1965 டிசம்பரில் வெளியே வந்தபோது அவர் அங்கே இருந்தார். வேலையைப் பற்றி வீட்டில் பேச மாட்டார், பேசக் கூடாது என்பது விதி, விதியை அவர் மதித்தார். ஆனால் ஸ்பிரிங் என்று பொதுவாகக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். விஜயந்தாவுக்குக் காயிலும் கிடையாது, பட்டையும் கிடையாது. டார்ஷன் பார், அதாவது முறுக்கேறும் எஃகுத் தண்டு. ஒரு முனை உடம்பில் பூட்டியிருக்கும், மறு முனையில் சக்கரத்தின் கை. சக்கரம் ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் பிரியும். இப்படிப்பட்ட தண்டுகளைச் செய்யும்போதே ஒரு பக்கமாக முறுக்கிப் பழக்கிவிடுவார்கள், அதனால் இடப்பக்கத்துத் தண்டை வலப்பக்கம் போடக் கூடாது, அடையாளம் போட்டிருப்பார்கள் என்றார்.

"முப்பத்தொம்பது டன்னுடா. அவ்ளோ எடையையும் மெத்துன்னுதான் விட்டிருக்கான். ஏன்னு யோசி," என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரே சொன்னார்: "காட்டுல மேட்டுல ஓடணும். குதிச்சா உள்ள இருக்கறவன் வேகத்தைக் குறைச்சிடுவான். உடம்பு தாங்குற வேகம்தான் வண்டியோட வேகம்."

பொறியியல் நூல்களில் இதற்குச் சூத்திரங்கள் இருக்கின்றன. நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடும் வண்டி உடம்புக்கு இதம். வீட்டுக் கூடத்து ஊஞ்சலைவிட நன்றாகவே விரைவான ஆட்டம். இரண்டைத் தாண்டினால் பந்தய வண்டிக்குரியது, தளம் வழவழப்பாக இருந்தால் மட்டும் அது பலன் தரும். அப்பாவுக்குச் சூத்திரம் தெரியாது. எடை, குதிப்பு, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் என்று மூன்றையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்திருந்தது. எனக்கு அவர் விட்டுப்போன சொத்து அந்தப் பார்வை.

ஆவடியின் கதை அதோடு நிற்கவில்லை. அதே ஊரில் இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகத்தில் அர்ஜுன் டாங்கிக்கான திட்டம் 1974-இல் அனுமதி பெற்றது. முதல் தொகுதி டாங்கிகள் 2004-இல் ராணுவத்திடம் போயின. அதில் எஃகு ஸ்பிரிங்கே இல்லை. அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வாயுதான் ஸ்பிரிங், எண்ணெய்தான் அடக்குவது. ஏறக்குறைய 58 டன்னை அது தாங்குகிறது. இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் என்பவர் கார்களுக்காக உருவாக்கிய ஹைட்ராகாஸும் இதே இனம்தான், 1995-இல் வந்த எம்.ஜி.எஃப். என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் அது இருந்தது. 2002-இல் அந்தக் காரைப் புதுப்பித்தபோது வாயுவை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட்டார்கள். வளைவுகளில் கூர்மை கூடியது, சவாரி கரடுமுரடாகிவிட்டது என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். ஒரு டாங்கியும் ஒரு குட்டிக் காரும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் தேடிப் போயிருக்கின்றன என்பது, ஆவடியில் வளர்ந்த எனக்கு இன்றும் மனம் நிறைக்கும் சேதி.

டாக்டரின் வண்டிக்கு வருகிறேன். முந்தைய பட்டறையில் கூட்டியிருந்த பட்டையை மேஸ்திரி உருவி எடுத்தார். பழைய பட்டைகளுக்கு அசல் வளைவை அடித்துக் கொடுத்தார். பட்டைகளுக்கு இடையே துருவைத் தேய்த்துக் கிரீஸ் பூசினார். துருப்பிடித்த கமான் கட்டு தானாகவே இறுகும், அதைப் பலர் விறைப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். பின்பு டிஃபரன்ஷியலுக்கும் கமான் கட்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையைச் செருகி, நீளமான ஸ்டட் போட்டு முடுக்கினோம். கட்டு மேலே ஏறியது, ஆகவே வண்டி கீழே இறங்கியது. பின்பக்கம் தாழ்ந்தது, ஆனால் ஒரு துளியும் இறுகவில்லை. முன்பக்கத்துக்கு அசல் காயில். கூடவே தடித்த ஆன்டி ரோல் பார் ஒன்றை வளைத்துப் போட்டோம். வளைவில் வண்டி சாய்வதை முன்பக்கம் தாங்கிக்கொண்டால் பின்சக்கரங்களின் மேல் விழும் சுமை குறையும், மடங்கும் பயமும் குறையும். ஷாக் நான்கும் புதிது. இறக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்படியான ஷாக்கை முதலாளி தேடிப் பிடித்துவந்தார்.

இதை நாங்கள் செய்துகொண்டிருந்தபோது எங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. டிரயம்ஃப் பொறியாளர்களே 1970-இல், நான்காம் ஸ்பிட்ஃபயரில், அந்தப் பின் கமான் கட்டை மாற்றியிருந்தார்கள். எல்லாப் பட்டைகளையும் டிஃபரன்ஷியலோடு இறுக்கி முடுக்காமல் ஒரு பட்டையை மட்டும் முடுக்கி, மற்றவை நடுவில் ஆடும்படி விட்டார்கள். அதாவது, சாயும்போது பின்பக்கத்தை மெத்தென்று ஆக்கினார்கள். சுழலும் காருக்கு அவர்கள் கண்ட மருந்தும் இறுக்கம் அல்ல. பல ஆண்டுகள் கழித்து ஒரு பழைய சர்வீஸ் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது மேஸ்திரிக்குக் காட்ட வேண்டும் என்று மனம் துடித்தது. அவர் அப்போது இல்லை. நம் வண்டலூர் ஆலையோ வேறு வழியில் போனது. ஹெரால்டுக்குப் பின் 1972-இல் வந்த கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, ஒரே உருளையான சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். ஊரெங்கும் உள்ள மெக்கானிக்குகளுக்குப் பழகிய சாமான் அது.

சோழவரத்தில் அந்தப் பிப்ரவரியில் டாக்டர் கோப்பை எதையும் தூக்கவில்லை. அவருடைய 948 சி.சி. எஞ்சினுக்கு அது முடிகிற காரியமும் அல்ல. ஆனால் நீள ஓட்டத்தின் முடிவில் திரும்பும் இடத்தில், அவரைவிடப் பலமான இரண்டு வண்டிகள் கான்கிரீட் இணைப்புகளின் மேல் துள்ளித் துள்ளி வெளியே போனபோது, அவருடைய வண்டி கோடு மாறாமல் திரும்பியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மறுநாள் காலை அதே வண்டியில், அதே ஸ்பிரிங்கில், டயர் காற்றை மட்டும் குறைத்துக்கொண்டு கிளினிக் போனார்.

எண்பதுகளோடு சோழவரம் முடிந்தது. 1990-இல் பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தன் சொந்தப் பந்தயத் தளத்தைத் திறந்தது. 1998-இல் அதன் பக்கத்திலேயே ஹூண்டாய் ஆலை வந்தது. நான் அதற்குள் சொந்தமாக வீல் அலைன்மெண்ட் கடை வைத்துவிட்டேன். தூக்கி நிறுத்தும் மேடை, கணினித் திரை எல்லாம் வந்தன. வந்த வண்டிகளெல்லாம் கூரையுள்ளவை. திறந்த கார் என்ற பேச்சே பல காலம் என் கடைப் பக்கம் வரவில்லை.

பிறகு டாக்டரின் மகள் வந்தார். மொகப்பேரில் இருக்கிறார், அவரும் டாக்டர்தான். ஜெர்மன் கார் ஒன்று, இரண்டு இருக்கை, துணிக்கூரை. எல்லாம் முடிவாகிவிட்டது, ஆர்டர் தாளில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி. "அங்கிள், ஸ்டாண்டர்ட் சஸ்பென்ஷனா, ஸ்போர்ட்ஸா? ஸ்போர்ட்ஸ் எடுத்தா பத்து மில்லிமீட்டர் இறங்கும்ங்கறாங்க. அப்பா இருந்தா உங்களத்தான் கேப்பார்."

பத்து மில்லிமீட்டர் சின்ன அளவு. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை என்று முதலில் சொன்னேன், சொன்னதற்குக் கணக்கும் காட்டினேன். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் அதன் மேல் நிற்கும்போது வயிற்றுக்கு அடியில் மேடு எழும்புவது நாலரை சென்டிமீட்டர்தான். தரையிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் தாராளமாகத் தாண்டும். ஆனால் அயப்பாக்கத்திலோ திருவேற்காட்டிலோ தெருக்காரர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துப் போட்ட தடை ஒரு சாண் அகலத்தில் செங்குத்தாக நிற்கும். அங்கே ஸ்டாண்டர்டும் உரசும், ஸ்போர்ட்ஸும் உரசும். இரண்டையும் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றித்தான் கடக்க வேண்டும். ஆகவே உயரத்தைத் தள்ளிவைத்துவிட்டு விறைப்பைப் பார் என்றேன்.

அவருடைய நண்பர் ஒருவரிடம் அதே வண்டி ஸ்போர்ட்ஸ் செட்டிங்கில் இருந்தது. கடனாக வாங்கி வந்தார். ஷோரூமிலிருந்து ஸ்டாண்டர்டு வண்டி ஒன்றும் ஓட்டிப் பார்க்கக் கிடைத்தது. பைபாஸில் ஏறி வானகரத்தில் இறங்கி, பூந்தமல்லி வழியாக இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் போனோம். பூந்தமல்லிச் சாலையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த காலம். தடுப்புத் தகரங்களுக்கு நடுவே இரும்புப் பலகை, ஒட்டுப்போட்ட தார், மண், மறுபடி பலகை. சஸ்பென்ஷனைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஸ்போர்ட்ஸ் வண்டி அங்கே ஒவ்வொரு விளிம்பையும் எங்கள் இடுப்புக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. கூரையைத் திறந்தபோது முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மெல்லிய நடுக்கம். இன்றைய கார்களில் கதவடிச் சட்டங்களை எவ்வளவோ தடிப்பாக்கிவிட்டார்கள், ஆனாலும் கூரை இல்லாததை அவற்றால் முழுதும் ஈடுகட்ட முடிவதில்லை. ஸ்டாண்டர்டு வண்டியில் அந்த நடுக்கம் ஏறக்குறைய இல்லை.

பூந்தமல்லி தாண்டி நல்ல சாலை வந்ததும் கதை மாறியது. அதையும் சொல்ல வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் தடம் மாறும்போது ஸ்போர்ட்ஸ் வண்டி ஒரே அசைவில் போய் நின்றது. ஸ்டாண்டர்டு சற்றுச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால் நான் ஸ்போர்ட்ஸுக்குத்தான் கை காட்டியிருப்பேன். அங்கே தார் ஒரே சீராக இருக்கும், ஸ்பிரிங் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை, சாய்வைக் குறைத்தால் போதும்.

"நீ எங்கம்மா ஓட்டுவே?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தினமும், ஞாயிறு காலையில் திருவள்ளூர் பக்கம், வருஷத்துக்கு ஒரு தடவை தளத்தில் என்றார். அப்படியானால் ஸ்டாண்டர்டு ஸ்பிரிங் என்றேன். தாளில் இன்னொரு வரி இருந்தது. மின்னணு முறையில் இறுகித் தளரும் ஷாக், ஸ்பிரிங்கிலிருந்து பிரித்துத் தனியாக வாங்கலாம். அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சாய்வின் வேகத்தை அடக்கும் வேலையை ஷாக் பார்த்துக்கொள்ளும், பள்ளத்துக்கு விட்டுக்கொடுக்கும் வேலையை ஸ்பிரிங் பார்க்கும். சக்கரத்தையும் 19 அங்குலத்திலிருந்து 17-க்கு இறக்கச் சொன்னேன். 19 அங்குல டயரில் பக்கச்சுவர் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு, 17-இல் பதினொன்றை ஒட்டி வரும். டயரின் பக்கச்சுவர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். சாலையின் விளிம்பு முதலில் அடிப்பது அதைத்தான். சஸ்பென்ஷனைப் பற்றி நாள் முழுக்கப் பேசிவிட்டு 19 அங்குலம் போட்டால் பாதிப் பேச்சு வீண். இதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பெரிய சக்கரம் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். பேசிப் பேசி ஒப்புக்கொண்டார்.

வண்டி வந்தது. முதல் மழைக்காலம் முடிந்ததும் என் கடைக்குக் கொண்டுவந்தார். நான்கு சக்கர அலைன்மெண்ட்டும் கம்பெனி சொன்ன அளவுக்குள் இருந்தது, ரிம் எதுவும் வளைந்திருக்கவில்லை. கூடவே அந்த நண்பரும் தன் வண்டியோடு வந்திருந்தார். அதில் முன் ரிம் ஒன்று நெளிந்திருந்தது. தன் வண்டியை ஸ்டாண்டர்டு செட்டிங்குக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் அந்த ஷாக் அதற்குப் பொருந்தாது, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், விலை விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விலையைச் சொல்லியும் விட்டேன். அதற்கு முன்னால் 17 அங்குலச் சக்கரத்தை மட்டும் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்றும் சொன்னேன். இப்போது அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.